பெரிய சென்சாருக்குப் பணம் கட்டும் முன்

தை முகூர்த்தங்கள் நெருங்கும்போது என்னிடம் கேமரா பற்றிக் கேட்பவர்கள் கூடிவிடுவார்கள். இந்த முறை மூன்று பேர்.

பாலக்கோட்டுத் தம்பி ஒருவர் கல்யாணப் படம் எடுக்கத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. "அண்ணா, இருக்கிற கேமராவைக் கொடுத்துட்டு ஃபுல் ஃபிரேம் போயிடலாமா?" என்றார். ஊத்தங்கரைப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் விடுமுறை நாட்களில் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் நடுகற்களைப் படமெடுத்து வைக்கிறார். "சார், போனே போதுமா, கேமரா வாங்கணுமா?" என்பது அவர் கேள்வி. ஓசூரில் இருக்கும் ஓர் அக்காவுக்குப் பறவைகள்மேல் ஆசை. கெலவரப்பள்ளி அணைக் கரையில் விடிவதற்குள் போய் உட்கார்ந்துவிடுவார். கடையில் அவரிடமும் ஃபுல் ஃபிரேம்தான் நல்லது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

மூவரின் வேலையும் வேறு வேறு. ஃபுல் ஃபிரேம் என்றால் பெரிய சென்சார், அதாவது கேமராவுக்குள் ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லு பெரிது. பெரிய சென்சார் நல்ல படம் தரும் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி லென்ஸில் இருக்கிறது. அதை யாரும் எடுத்துச் சொல்லாததால் தவணை கட்டித் தவிக்கும் பையன்களை நம் பக்கத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் ஒளி. முற்றத்தில் மழைக்கு ஓர் அண்டாவையும் ஒரு டம்ளரையும் வையுங்கள். மழை விட்டதும் விரலை விட்டுப் பார்த்தால் இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரம்தான் நிற்கும். ஆனால் அண்டாவில் இருக்கும் மொத்தத் தண்ணீர் பல மடங்கு அதிகம். சென்சாரிலும் இதுதான் கதை. அதே அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு), அதே ஷட்டர் வேகம் (ஒளி விழும் நேரம்), அதே ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) வைத்தால் சின்ன சென்சாரும் பெரிய சென்சாரும் ஒரே வெளிச்சமுள்ள படத்தைத்தான் தரும். வித்தியாசம் தெரிவது படத்தின் சுத்தத்தில்.

காரணம், ஒளி சீரான ஓட்டமாக வருவதில்லை, துகள் துகளாக வருகிறது. ஓர் இடத்தில் 100 துகள் விழ வேண்டுமென்றால் அதில் 10 முன்னே பின்னே இருக்கும், அதாவது 10 சதவீதம். 10,000 துகள் விழும் இடத்தில் 100 முன்னே பின்னே இருக்கும், 1 சதவீதம்தான். நாம் நாய்ஸ் என்றும் கிரெயின்ஸ் என்றும் சொல்லும் புள்ளிகளில் பெரும்பகுதி இந்த ஏற்ற இறக்கம்தான். மொத்த ஒளி கூடினால் புள்ளி குறையும்.

சரி, மழை எவ்வளவு கனமாகப் பெய்கிறது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? லென்ஸ். எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது. எஃப்/5.6 லென்ஸைவிட எஃப்/1.8 லென்ஸ் சென்சாரின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் கிட்டத்தட்ட 10 மடங்கு ஒளியைக் கொட்டும். இந்த 10 மடங்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்தது தொலைவு. லென்ஸின் மி.மீ. எண் கூடக் கூடத் தொலைவில் இருப்பது பெரிதாகத் தெரியும். சின்ன சென்சார், லென்ஸ் தரும் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதனால் 200 மி.மீ. லென்ஸ் ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன சென்சார்) கேமராவில் 300 மி.மீ. போலத் தெரியும். இந்தப் பெருக்கல் எண்ணைத்தான் கிராப் ஃபேக்டர் என்கிறோம்.

மூன்றாவது ஆழம், அதாவது முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் தெளிவாக விழுகிறது என்பது. மணமகள் முகம் மட்டும் தெளிந்து பின்னணி கரைய வேண்டுமென்றால் பெரிய சென்சார் உதவும். எல்லாம் தெளிவாக வேண்டுமென்றால் சின்னதே வசதி.

சுமையும் கணக்கில் உண்டு. தீர்த்தமலைப் படிகளில் பையோடு ஏறியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடைசியாக மொத்தச் செலவு. பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) விலை வெறும் முதல் தவணை. லென்ஸ், கார்டு, ஹார்டு டிஸ்க், சில சமயம் புது கம்ப்யூட்டர் என்று பின்னாலேயே வரிசையாக வரும்.

## அளவுகள்

| வகை | அளவு (மி.மீ.) | பரப்பு (ச.மி.மீ.) | கிராப் ஃபேக்டர் |
|---|---|---|---|
| ஃபுல் ஃபிரேம் | 36 × 24 | 864 | 1 |
| ஏபிஎஸ்-சி (நிக்கான், சோனி, ஃபியூஜி) | சுமார் 23.5 × 15.6 | 367 | 1.5 |
| ஏபிஎஸ்-சி (கேனான்) | சுமார் 22.3 × 14.9 | 332 | 1.6 |
| மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் | 17.3 × 13 | 225 | 2 |
| 1 அங்குலம் | 13.2 × 8.8 | 116 | 2.7 |
| 1/2.3 அங்குலம் | சுமார் 6.2 × 4.6 | 28 | 5.6 |

இதில் அங்குலக் கணக்கு பலரைக் குழப்பும். 1 அங்குலம் என்றால் 25.4 மி.மீ. இருக்க வேண்டும். மூலைக்கு மூலை அளந்தால் 16 மி.மீ.கூட முழுதாக இல்லை. பழைய டிவி கேமராக்களில் சென்சார் கிடையாது, கண்ணாடிக் குழாய்தான். குழாயின் வெளிச்சுற்று விட்டத்தை அங்குலத்தில் சொல்வார்கள். அதில் படம் விழும் பகுதி ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். குழாய் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஆகவே போன் விளம்பரத்தில் 1/1.3 அங்குலம் என்று பார்த்தால் அங்குலக் கணக்குப் போடாதீர்கள். அது சுமார் 70 ச.மி.மீ., ஃபுல் ஃபிரேமில் பன்னிரண்டில் ஒரு பங்கு.

ஃபுல் ஃபிரேம் என்ற பெயரும் பழைய 35 மி.மீ. ஃபிலிமிலிருந்து வந்தது. லைக்கா 1925இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கேமராவின் 36 × 24 அளவு அப்படியே இன்றும் தொடர்கிறது. அந்த ஃபிலிமுக்குச் செய்த லென்ஸ்கள் ஊரெங்கும் இருந்ததால் அது அளவுகோலாகிவிட்டது.

## போன்

ஆசிரியருக்கு நான் சொன்னது: போனில் தொடங்குங்கள்.

நடுகல் நகராது. திறந்த வெளியில், வயல் வரப்பிலோ ஏரிக்கரையிலோ நிற்கும். ஒளி அளவுக்குக் குறைவில்லை, ஒளி விழும் திசையில்தான் எல்லாம் இருக்கிறது. உச்சி வெயிலில் வீரனின் வில்லும் வாளும் கல்லோடு கல்லாக மறைந்துவிடும். காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்தரைக்கோ பக்கவாட்டில் வெயில் விழும்போது அதே கல்லில் வரி வரியாக எழுந்து நிற்கும். இருட்டத் தொடங்கியதும் பக்கத்திலிருந்து டார்ச் அடித்தால் இன்னும் நன்றாகத் தெரியும். இதற்கு ஃபுல் ஃபிரேம் கொண்டுபோனாலும் நடுப்பகலில் எடுத்தால் பயனில்லை.

ஆனால் போனில் ஒரு மறைமுகச் செலவு உண்டு, அது பணத்தில் வராது. போன் தானாகவே படத்தைக் கூர்மையாக்கும், புள்ளிகளை வழித்துவிடும். முகத்துக்கு அது பரவாயில்லை. தேய்ந்துபோன வட்டெழுத்துக்கு அது கேடு. இல்லாத கோட்டை இருப்பதாகவும் இருக்கும் கோட்டை இல்லாததாகவும் காட்டிவிடும். கல்வெட்டு படிப்பவர் நாளை அந்தப் படத்தை நம்பித்தான் படிப்பார். ஆகவே போனில் ரா வடிவம் (இப்படித் திருத்தாத மூலப் படம்) இருந்தால் அதில் எடுங்கள். அகலக் கோணத்தில் கல்லுக்கு ஒட்டி நின்று எடுத்தால் மேலே குறுகிக் கீழே விரியும், கொஞ்சம் பின்னால் போய் 2 மடங்கு ஜூமில் எடுங்கள். ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வையுங்கள்.

வேலை பெருகினால் பழைய ஏபிஎஸ்-சி கேமரா ஒன்று, அதோடு வரும் 18-55 கிட் லென்ஸ், ஒரு முக்காலி போதும். முக்காலியில் ஐஎஸ்ஓ 100, எஃப்/8 வைத்து எடுக்கும்போது ஃபுல் ஃபிரேம் படத்தையும் இதையும் பக்கத்தில் வைத்தால் பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியாது. ஒளி போதவில்லையென்றால் ஷட்டரை நீட்டிக்கொள்ளலாம், கல் காத்திருக்கும்.

போன் கைவிடும் இடம் இருட்டும் அசைவும் சேர்ந்த இடம். பென்னாகரம் பக்கம் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில் எடுத்துப் பாருங்கள். இரவு மோடில் போன் பல படங்களை அடுக்கி ஒன்றாக்குகிறது. வேஷக்காரர் சுழன்றாடும்போது அந்த அடுக்கு பொருந்தாது. கிரீடம் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் இழுபடும். சில போன்களில் இப்போது 1 அங்குல சென்சார் வந்திருக்கிறது, அதில் கொஞ்சம் மேல். ஆனால் அது முதன்மைக் கேமராவுக்கு மட்டும்தான். ஜூமைக் கூட்டினால் உள்ளே வேறு சின்ன சென்சாருக்குத் தாவிவிடும்.

## 1 அங்குலமும் சூப்பர்ஜூமும்

லென்ஸ் கழற்ற முடியாத கேமராக்கள் இவை. சோனி ஆர்எக்ஸ்100 2012இல் வந்தபோது சட்டைப் பைக்குள் 1 அங்குல சென்சாரைக் கொண்டுவந்தது. ஆர்எக்ஸ்10 வரிசையில் 24 முதல் 600 மி.மீ.க்குச் சமமான ஜூம் ஒரே கேமராவில் கிடைக்கும். நிக்கான் பி1000 இன்னும் மேலே போய் 3000 மி.மீ. வரை எட்டும், ஆனால் அதன் சென்சார் 1/2.3 அங்குலம்தான்.

ஒகேனக்கல்லுக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இவை நல்ல துணை. பரிசலில் உட்கார்ந்து, சாரல் அடிக்கும்போது லென்ஸ் மாற்ற வேண்டியதில்லை. பொங்கலுக்கு எருது விடும் விழாவில் எழும் புழுதியிலும் அப்படியே. கழற்றாத லென்ஸ் என்பதால் தூசி சென்சாருக்குப் போகும் வாய்ப்பு குறைவு.

குறை என்னவென்றால் இது வளராது. லென்ஸ் பழுதானால் கேமராவே போனது மாதிரி. அப்புறம், 3000 மி.மீ. என்று கேட்டு மயங்க வேண்டாம். அணைத் தண்ணீருக்கு மேலே வெயில் ஏறிய பிறகு காற்று நெளியும். அத்தனை தூரத்தில் எந்தப் பறவையும் தண்ணீருக்குள் இருப்பது போலத்தான் விழும். விடியலில் காற்று அமைதியாக இருக்கும், அப்போது ஒளி இருக்காது. இந்தச் சின்ன சென்சார் அந்த நேரத்தில் திணறும். இதனால்தான் ஓசூர் அக்காவை இந்தப் பக்கம் போகவிடவில்லை.

## மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்

ஒலிம்பஸும் பானசோனிக்கும் 2008இல் சேர்ந்து அறிவித்த அளவு. கிராப் ஃபேக்டர் 2 என்பதால் 75-300 லென்ஸ் 150-600 போல வேலை செய்யும். அந்த லென்ஸின் எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. ஃபுல் ஃபிரேமுக்குரிய 600 எஃப்/4 லென்ஸ் 3 கிலோ. இரண்டும் ஒளியில் சமம் ஆகாது, அந்த 3 கிலோவுக்குக் காரணம் உண்டு. ஆனாலும் வத்தல்மலையில் நடந்தே ஏறிப் பறவை பார்ப்பவருக்கு, முழங்கால் வலி உள்ளவருக்கு, இதைவிட நல்லது இல்லை என்று மனதார நினைக்கிறேன். உயர்ந்த மாடல்கள் மழைச் சாரலையும் நன்றாகத் தாங்கும்.

நம் ஊர்ச் சிக்கல் வேறு. தருமபுரி, கிருஷ்ணகிரிக் கடைகளில் இந்த லென்ஸ்களைக் கையில் எடுத்துப் பார்ப்பதே அரிது. நண்பரிடம் ஒரு நாளைக்கு லென்ஸ் இரவல் வாங்க முடியாது. விற்க நினைத்தாலும் ஆள் தேட வேண்டும். தனியாகவே சமாளிப்பேன் என்பவர் வாங்கலாம்.

## ஏபிஎஸ்-சி

நம் பக்கத்துப் பெரும்பாலோருக்கு என் முடிவு இதுதான். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன்.

ஃபுல் ஃபிரேம் பாடியோடு 28-70 எஃப்/3.5-5.6 போன்ற கிட் லென்ஸ் வாங்குகிறீர்கள். மேடையில் முகங்களை எடுக்க 70க்குப் போனால் எஃப்/5.6 ஆகிவிடும். பக்கத்தில் நிற்பவர் ஏபிஎஸ்-சியில் 50 மி.மீ. எஃப்/1.8 மாட்டியிருக்கிறார். கிராப் சேர்த்தால் அது 75 மி.மீ., கிட்டத்தட்ட அதே காட்சி. உங்கள் சென்சாரின் பரப்பு அவருடையதைப்போல 2.4 மடங்கு. அவர் லென்ஸ் கொட்டும் ஒளியோ உங்களுடையதைப்போல 10 மடங்கு. பத்தை 2.4ஆல் வகுத்தால் அவர் சென்சாருக்கு உங்களைவிட 4 மடங்கு மொத்த ஒளி போகிறது. படத்தில் புள்ளி குறைவாக இருப்பது அவருக்குத்தான், பின்னணி நன்றாகக் கரைவதும் அவருக்குத்தான். 50 மி.மீ. எஃப்/1.8 எந்தக் கம்பெனியிலும் விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்று.

நிலையான ஒற்றை லென்ஸ் போதாது, மண்டபத்தில் முன்னும் பின்னும் நகர இடமில்லை என்பவர்களுக்கு எஃப்/2.8 ஜூம்கள் இருக்கின்றன. சிக்மாவின் 18-50 எஃப்/2.8 வெறும் 290 கிராம் (சோனி மவுண்ட்டுக்கானது, அதாவது சோனி கேமராவில் மாட்டுவது). டாம்ரானின் 17-70 எஃப்/2.8 கொஞ்சம் பெரியது, எட்டும் தூரம் அதிகம்.

பறவைக்கும் இதுவே. 150-600 ஜூம் ஏபிஎஸ்-சியில் 225-900 ஆகிறது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் அதே லென்ஸில் எடுத்துப் பறவையை அதே அளவுக்கு வெட்டினால் கையில் நிற்பது 10 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல்தான். ஏபிஎஸ்-சியில் 24ம் பறவைமேலேயே இருக்கும். 45 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் வாங்கினால் இந்தக் குறை தீரும், ஆனால் அந்த விலைக்கு அக்கா இரண்டு லென்ஸ் வாங்கிவிடலாம். 150-600 லென்ஸ் 2 கிலோவுக்கு நெருங்கி வரும் என்பதால் அவருக்கு 100-400ஐச் சொன்னேன். அஞ்செட்டி, தளி சாலையில் யானை நின்றால் வண்டியிலிருந்து இறங்காமல் எடுக்கவும் நீளமான லென்ஸ்தான் வேண்டும். தயவுசெய்து இறங்காதீர்கள்.

ஏபிஎஸ்-சியின் குறையையும் சொல்ல வேண்டும். சில கம்பெனிகள் இந்த அளவுக்கென்றே நல்ல லென்ஸ்களைக் குறைவாகவே செய்கின்றன. பாடி வாங்கும் முன் அந்த மவுண்ட்டுக்கு எஃப்/2.8 ஜூமும் எஃப்/1.8 பிரைமும் (ஜூம் ஆகாத லென்ஸ்) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த பிராண்டுக்குப் போங்கள். அகலக் கோணத்துக்கும் தனி லென்ஸ் தேவைப்படும். 18 மி.மீ. இங்கே 27 ஆகிவிடுவதால் சின்ன மண்டபத்தில் முழு மேடையும் அடங்காது.

## ஃபுல் ஃபிரேம்

நான் செய்த தவறை இங்கே சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் என் ஏபிஎஸ்-சி கேமராவையும் அதன் நல்ல லென்ஸ்களையும் விற்று, கடனும் வாங்கி, ஃபுல் ஃபிரேம் பாடியைக் கிட் ஜூமோடு எடுத்தேன். முதல் முகூர்த்தம் அதிகாலை நாலரை முதல் ஆறு. மண்டபத்தில் மேடைக்கு மேல் மட்டும் மஞ்சள் விளக்குகள். தாலி கட்டும் நேரத்தில் ஐயர் பக்கம், உறவினர் பக்கம் என்று இடம் கிடைக்காமல் தள்ளி நின்று 70இல் எடுத்தேன். எஃப்/5.6, ஐஎஸ்ஓ 12,800. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோது முந்தைய வருடம் எடுத்த படங்கள் இதைவிடச் சுத்தமாக இருந்தன. அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் ஒரு முறை வரும் நொடி அது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. மேலே போட்ட கணக்கை நான் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

அப்படியானால் ஃபுல் ஃபிரேம் வீணா? இல்லவே இல்லை. அதற்கேற்ற லென்ஸ் மாட்டினால் இருட்டில் சின்ன சென்சார் எதுவும் அதை நெருங்க முடியாது. ஒரே எஃப்/1.8 இரண்டிலும் இருந்தால் ஃபுல் ஃபிரேமுக்கு 2.4 மடங்கு ஒளி. அதியமான்கோட்டை சென்னராயப் பெருமாள் கோயிலில் கூரை ஓவியங்களைக் கையில் பிடித்து எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். ஃபிளாஷ் போடக் கூடாது, முக்காலிக்கு அனுமதி கேட்க வேண்டும், வெளிச்சம் மங்கல். அங்கே இந்த 2.4 மடங்கு உயிர் கொடுக்கும். கூத்துக்கும் அப்படியே. மணமக்கள் தனிப்படத்தில் பின்னணி கரையும் அழகும் அதற்கே உரியது.

ஆனால் குழுப் படம் என்று வரும்போது கதை மாறும். மூன்று வரிசையில் இருபது பேர் நிற்கிறார்கள். பின்வரிசைப் பாட்டி முகமும் தெளிய வேண்டும். ஃபுல் ஃபிரேமில் எஃப்/5.6 வைத்தால் கிடைக்கும் ஆழம், ஏபிஎஸ்-சியில் சுமார் எஃப்/3.7இலேயே கிடைத்துவிடும். ஏபிஎஸ்-சிக்காரர் லென்ஸைத் திறந்து வைக்கலாம், ஃபுல் ஃபிரேம் வைத்திருக்கும் நீங்கள் மூடியாக வேண்டும். கணக்குப் போட்டால் இருவர் சென்சாருக்கும் சமமான மொத்த ஒளிதான் போகிறது. ஒரே ஆழம் வேண்டிய இடத்தில் பெரிய சென்சாரின் ஆதாயம் கரைந்துவிடும். கல்யாண ஆல்பத்தில் குழுப் படங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

மறைமுகச் செலவுகள் இங்கேதான் அதிகம். கேமராக் கம்பெனிகளின் சொந்த 24-70 எஃப்/2.8 ஜூம் ஒன்றே ஒரு லட்சத்தைத் தாண்டும். ஏபிஎஸ்-சிக்கென்று வாங்கிய பழைய லென்ஸ்களை வைத்துச் சமாளிக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். நிக்கானில் மாட்டினால் படம் தானாக வெட்டப்பட்டு 24 மெகாபிக்சல் 10 சொச்சம் ஆகிவிடும். கேனானின் ஏபிஎஸ்-சிக்கான இஎஃப்-எஸ் லென்ஸ்கள் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் (உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகைக் கேமரா) மாட்டவே மாட்டா. 45 மெகாபிக்சல் ரா படம் ஒன்று 50 எம்பி அளவுக்கு வரும். ஒரு கல்யாணத்துக்கு 3,000 படம் என்றால் 150 ஜிபி, அதை இரண்டு இடத்தில் காப்பி வைத்தால் 300 ஜிபி. ஒரு சீசனுக்கு எத்தனை ஹார்டு டிஸ்க் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பாடிக்கு ஆகும் அதே அளவு பணம் லென்ஸுக்கும் தனியாகக் கையில் இருந்தால், மாதம் பல கல்யாணம் நிச்சயமாக வந்தால், ஃபுல் ஃபிரேமுக்குப் போங்கள். இதற்கும் மேலே 44 × 33 மி.மீ. மீடியம் ஃபார்மட் இருக்கிறது. அது ஸ்டுடியோவில் நின்று நிதானமாக எடுக்கும் விளம்பர வேலைக்கு.

## கையில் எடுத்துப் பார்த்துவிட்டு

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு 90 கிலோமீட்டர்தான். வாடகைக்குக் கேமரா கிடைக்கும். ஒரு நாள் எடுத்துவந்து, நீங்கள் வழக்கமாக வேலை செய்யும் மண்டபத்தில், வழக்கமாக நிற்கும் இடத்தில், உங்கள் பழைய கேமராவையும் பக்கத்தில் வைத்து எடுத்துப் பாருங்கள். கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்துப் பார்ப்பது எதையும் சொல்லாது.

செகண்ட் ஹேண்டில் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆர்கள் இப்போது மலிவாக வருகின்றன. ஷட்டர் எண்ணிக்கையை, அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பதை, கேட்காமல் வாங்காதீர்கள். கேனான் 6டி ஷட்டர் 1,00,000 முறைக்கும் நிக்கான் டி750 ஷட்டர் 1,50,000 முறைக்கும் சோதிக்கப்பட்டவை. கல்யாணத்துக்கு 2,000 படம் எடுப்பவரிடம் 50 கல்யாணத்திலேயே ஒரு லட்சம் ஓடியிருக்கும். எஃப்/16 வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள், சென்சாரில் தூசியோ கீறலோ இருந்தால் கருப்புப் புள்ளியாகத் தெரியும்.

பாலக்கோட்டுத் தம்பி கேமராவை மாற்றவில்லை. இருக்கும் ஏபிஎஸ்-சி பாடிக்கு 50 மி.மீ. எஃப்/1.8 ஒன்றும் எஃப்/2.8 ஜூம் ஒன்றும் வாங்கினார். ஃபுல் ஃபிரேமுக்கு முன்பணமாக வைத்திருந்ததில் மீதி இருந்தது, அதில் இரண்டு ஹார்டு டிஸ்க்குகள் எடுத்துக்கொண்டார். தை பத்தாம் தேதி காரிமங்கலத்தில் அவருக்கு முகூர்த்தம் இருக்கிறது.